ஏப்ரல் முதலாம் திகதி

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் அன்ரி காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ. கணக்கில காசு போயிட்டுது.” ஏப்ரல் முதலாம் திகதி. பேரப்பிள்ளைகள்தான் ஏதோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தாராம்.

போய்ப் பார்த்தேன். வங்கிக் கணக்கில் கவுன்சில் பெயரில் இரண்டு பிடிப்பு. ஒன்று 136 பவுண் 50 பென்ஸ், மற்றது 182 பவுண். முதலாவது சரியானது. அங்கிள் ஜனவரியில் காலமானார். அதன்பின் அந்த வீட்டில் அன்ரி மட்டும்தான். உள்ளூராட்சி வரியான கவுன்சில் டாக்ஸில் தனியாளுக்கு 25 சதவீதம் கழிவு உண்டு. இரண்டாவது, இருவரும் இருந்த காலத்து முழுத் தொகை. கவுன்சிலில் அங்கிள் பெயரில் இருந்த பழைய கணக்கை யாரும் மூடவில்லை.

அன்ரி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் போய் மூண்டு மாசம். இன்னும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் போல.”

இந்த அன்ரி வரி கட்டத் தெரியாதவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் சோலை வரியை மாநகரசபைக்கு ஜனவரியிலேயே கொண்டுபோய்க் கட்டிவிடுகிற குடும்பம். முழு வருடத்துக்கும் அந்த மாதத்துக்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு. அதைத் தவறவிடுவது அவருடைய அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். லண்டனுக்கு வந்த புதிதில் இங்கே தலைவரி. 1990இல் தாட்சர் அரசு இங்கிலாந்தில் வீட்டு வரியை எடுத்துவிட்டு ஆளுக்கு ஆள் என்று அதைக் கொண்டுவந்தது. ஸ்கொட்லாந்தில் ஒரு வருடம் முந்தியே தொடங்கிவிட்டார்கள். ஒரே வீட்டில் ஆறேழு பேர் ஒதுங்கியிருந்த எங்கள் ஆட்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பில். அந்த வருடம் மார்ச் 31ஆம் திகதி ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது, நவம்பரில் தாட்சர் பதவி விலகினார், 1993 ஏப்ரலில் கவுன்சில் டாக்ஸ் வந்தது. வீட்டின் மதிப்பு பாதி, ஆள் கணக்கு பாதி என்று இரண்டையும் கலந்த வரி இது. அன்ரிக்குக் கிடைக்கிற அந்தக் கால்வாசிக் கழிவு, தலைவரி விட்டுப்போன வால் என்றுதான் எனக்குப் படும்.

அன்றைக்கு அன்ரி வரி கட்டிய விதத்துக்குச் சாட்சி இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கிறது. ஒடுக்கமான ஒரு கட்டணப் புத்தகம், மாதத்துக்கு ஒரு துண்டு. முதல் வாரம் சம்பளக் காசோடு தபால் கந்தோருக்குப் போவார். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் காசை எண்ணி, துண்டைக் கிழித்து, அடிக்கட்டையில் வட்ட முத்திரை குத்துவார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரலில் இருந்து ஜனவரி வரை பத்து முத்திரை. ஒரு நவம்பர் முத்திரை மட்டும் 28ஆம் திகதி. அந்த மாதம் அங்கிளுக்கு வேலை போயிருந்தது என்றார். பிந்தியிருக்கிறது, சரி. ஆனால் பிந்தியது யார், ஏன் பிந்தியது என்று அவருக்குத் தெரியும். தன் கையால் எண்ணிக் கொடுக்காமல் ஒரு பென்ஸ்கூடப் போகவில்லை.

பிறகு வங்கிக் கணக்கில் இருந்து நேரே எடுத்துக்கொள்ளும் டிரெக்ட் டெபிட் வந்தது. உண்மையில் அது கவுன்சில் டாக்ஸைவிட மூத்தது. 1964இல் யூனிலீவரில் வேலை செய்த அலஸ்டேர் ஹான்டன் என்பவர், ஐஸ்கிரீம் விற்கும் கடைக்காரரிடம் காசு அறவிடுவதற்காக யோசித்துச் செய்த ஏற்பாடு. ஐஸ்கிரீம் காசு வாங்கப் பிறந்த வழியில் இன்று நாடு முழுக்க வரி போகிறது. வசதிதான், நான் மறுக்கவில்லை. முன்பு நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம், இப்போது அவர்கள் வந்து எடுக்கிறார்கள். கொடுக்க மறந்தால் எங்கள் பிழை. எடுப்பவர் பிழைவிட்டால் அதைக் கண்டுபிடிப்பதும் எங்கள் வேலை ஆகிவிட்டது.

ஏன் மார்ச் முடியும் வரை யாருக்கும் இது தெரியவில்லை? இந்த வரி வழக்கமாகப் பத்துத் தவணை. பெப்ரவரியும் மார்ச்சும் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். 2013இல் இருந்து கேட்டால் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள், அன்ரி வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஜனவரியில் மரணம், அடுத்த இரண்டு மாதம் கணக்கு அசையவில்லை. அதற்குள் கவுன்சிலில் அன்ரி பெயரில் புதுக் கணக்கு திறந்து, புதிதாக டிரெக்ட் டெபிட் படிவமும் நிரப்பினோம். நிரப்பியது நான்தான். மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில் அன்ரிக்காக நான் உண்டாக்கிய ஒன்றைப் போட்டேன். அதன் கடவுச்சொல் அன்ரிக்குத் தெரியாது, எனக்கு மட்டுமே தெரியும்.

காசு எடுப்பதற்கு முன் எவ்வளவு, எந்தத் திகதி என்று அறிவிக்க வேண்டும், வழக்கமாகப் பத்து வேலைநாளுக்கு முன். கவுன்சில் அறிவித்துத்தான் இருக்கிறது. அன்ரியின் மின்னஞ்சலுக்கு ஒன்று, நான் திறக்கவில்லை. மற்றது அங்கிளின் மின்னஞ்சலுக்கு. செத்தவரின் அஞ்சல் பெட்டியை யார் திறப்பது? கடிதக் காலமாக இருந்திருந்தால் கதவுத் துவாரத்தால் இரண்டு உறை விழுந்திருக்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு பில் என்று குனிந்து எடுக்கும்போதே தெரிந்திருக்கும். சொல்லாமல் எடுத்தார்கள் என்று அன்ரி இன்றும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

திரும்ப வாங்கினது வேறு கதை. எங்கள் பெருந்தெருவில் இருந்த வங்கிக் கிளை மூடியாயிற்று. தொலைபேசியில் நாற்பது நிமிடம். எடுத்த பெண் முதலில், “கவுன்சிலிடம் கேளுங்கள்” என்றார். இந்த இடத்தில்தான் பலர் வைத்துவிடுவார்கள். வைக்கத் தேவையில்லை. டிரெக்ட் டெபிட்டுக்கு ஓர் உத்தரவாதம் இருக்கிறது. பிடித்ததில் பிழை என்றால், பிழை விட்டது யாராக இருந்தாலும், உங்கள் வங்கியே முழுத் தொகையையும் உடனே திருப்பித் தரவேண்டும். பிறகு அவர்கள் கவுன்சிலோடு பார்த்துக்கொள்வார்கள். “உத்தரவாதம்” என்ற சொல்லைச் சொன்னதும் குரல் மாறியது. 182 பவுண் அன்று பின்னேரமே கணக்கில் வந்துவிட்டது.

அன்ரி அத்தோடு எல்லா டிரெக்ட் டெபிட்டையும் நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டலாம், அது அவருடைய உரிமை. நான்தான் தடுத்தேன். பிடிப்பை நிறுத்தினால் வரி நிற்காது. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாள் தவணை. அதையும் விட்டால் மாதத் தவணை என்ற சலுகையே போய், வருடத்தின் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அடுத்தது நீதிமன்ற அழைப்பாணை, அதற்குச் செலவும் எங்கள் தலையில். பழைய கணக்கின் அனுமதியை மட்டும் ரத்துச் செய்தோம்.

நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. வங்கியோடு பேசிய கையோடு கவுன்சிலுக்கும் எழுதிப் போட்டேன். அவர்கள் பங்குக்கு அவர்களும் அந்த 182ஐ அன்ரியின் புதுக் கணக்கில் வரவு வைத்து, மே மாதத்தில் இருந்து 116 பவுண் சொச்சம்தான் என்று அறிவித்தார்கள். அன்ரிக்கு நல்ல சந்தோஷம். இரண்டு கிழமையில் வங்கி அவர்களிடம் காசைக் கேட்டு வாங்கிவிட்டது. உடனே இன்னோர் அறிவித்தல், திரும்பவும் 136.50. “குறைச்சவை ஏன் கூட்டினவை?” என்று அன்ரி கேட்டதற்கு, ஒரே காசை இரண்டு வாசலில் கேட்டுவிட்டேன் என்று விளங்கப்படுத்த ஒரு தேநீர் முடிந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒன்றும் இதில் இருக்கிறது. பில்லின் மூலையில் வீட்டின் தரத்தைக் குறிக்கும் எழுத்து. இங்கிலாந்தில் அது இன்னமும் 1991 ஏப்ரல் முதலாம் திகதி அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்ற கணக்குத்தான். வேல்ஸ்காரர் 2005இல் திரும்ப மதிப்பிட்டார்கள். இங்கே அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. காசு எடுக்கும் வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

இனிக் கடிதமாகவே அனுப்புங்கள் என்று கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டோம். ஜூனில் முதல் உறை வந்தது. அன்ரி பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார். அங்கிள் பெயரிலான பழைய கணக்கின் கடைசிப் பில். மீதி 0.00 என்று அச்சிட்டிருந்தது.

“இதுக்குப் பதில் எழுத வேணுமோ தம்பி?”

“தேவையில்லை அன்ரி.”

அவர் அதை நாலாக மடித்து, முத்திரை குத்திய அந்தப் பழைய புத்தகத்துக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினார்.