கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடி

டர்பனிலிருந்தோ ஃபிஜியிலிருந்தோ ஒரு குடும்பம் திருவண்ணாமலையில் வந்து இறங்குகிறது. “எங்கள் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கம்தான். வடஆற்காடு என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர் தெரியாது” என்கிறார்கள். லாட்ஜ்காரரில் தொடங்கித் தாலுகா ஆபீஸ் வரை எல்லாரும் அக்கறையாகத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு தெருவைக்கூடக் காட்ட முடியாது. சில நாள் அலைந்துவிட்டு, அருணாசலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, மனக்குறையோடு ஊர் திரும்புவார்கள். இது தவிர்க்கக்கூடிய வருத்தம். தேடலின் முதல் பாதியை அவர்கள் தங்கள் நாட்டிலேயே முடித்துவிட்டு வரவேண்டும். அதற்கான காகிதம் அங்கேதான் இருக்கிறது.

கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுத்தபோது, ஒவ்வொருவரையும் பதிவு செய்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். முதலாளிக்குத் தன் ஆள் எவன் என்று அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பதிவு அது. இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பெரிய துணை. சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் ஏறியவர்கள். கப்பல்வாரியான அந்தப் பட்டியலை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் பார்க்கலாம். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போகத் தொடங்கியது 1903இல்தான், 1916இல் நின்றுவிட்டது. அந்தக் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மொரீசியஸ் பதிவேடுகள் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில். அங்கே போய் இறங்கியவர்கள் பலருக்குப் புகைப்படமே எடுத்து வைத்திருக்கிறார்கள். முகமே தெரியாத பூட்டனின் முகத்தை அங்கே பார்க்கக் கொடுத்துவைத்த குடும்பங்கள் உண்டு.

ஃபிஜிச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒற்றைத் தாள், அச்சடித்த கட்டங்கள், அவற்றில் பேனாவால் நிரப்பியவை. கப்பலின் பெயர், வரிசை எண், ஆள் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி. அடுத்து ஜில்லா, தாணா, கிராமம். அதற்குப் பிறகு நெருங்கிய உறவினர் பெயர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். தாணா என்ற கட்டத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் தாலுகாவை எழுதியிருப்பார்கள். வருகிறவர்கள் ஆள் பெயரையும் கப்பலையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தகப்பன் பெயரும் நெருங்கிய உறவினர் பெயரும் அவற்றைவிட முக்கியம். போனவனை ஊர் மறந்திருக்கும். ஊரிலேயே இருந்த அண்ணனையோ தம்பியையோ மறந்திருக்காது.

தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் பல இடங்களில் அந்த எண் வரும். தாத்தாவின் பழைய சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதில் உள்ள எண்ணைக் கொண்டே கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைப் பிடித்துவிடலாம்.

இனி நம் பக்கத்துச் சிக்கலுக்கு வருவோம். ‘வடஆற்காடு’ என்று சீட்டில் இருந்தால் உடனே திருவண்ணாமலைக்கு டிக்கெட் போட்டுவிடக் கூடாது. 1911 வரை வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். திருப்பதி, பலமநேர் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே 1880இல் ‘வடஆற்காடு’ என்று எழுதப்பட்ட ஒருவரின் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. திருவண்ணாமலை தாலுகா அந்தக் காலத்தில் தென்னாற்காட்டைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவானபோதுதான் அது வடஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பரில். இதன்படி பார்த்தால், 1911க்கு முந்திய சீட்டில் தென்னாற்காடு, திருவண்ணாமலை என்று இருந்தால் இந்த நகரத்தைச் சுற்றியுள்ள ஊர். வடஆற்காடு, போளூர் அல்லது ஆரணி அல்லது வந்தவாசி என்று இருந்தாலும் இன்றைய இதே மாவட்டம்தான். ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

ஊர்ப் பெயர்களைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். திருவண்ணாமலையே ‘டிரினாமலி’ ஆகியிருக்கும், வந்தவாசி ‘வாண்டிவாஷ்’. சின்னக் கிராமத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. எழுத்தை எழுத்தாகப் பார்த்தால் புரியாது. வாய்விட்டு இரண்டு மூன்று விதமாகப் படித்துக் காட்டினால், அந்தத் தாலுகாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். பஸ் கண்டக்டர்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

குடும்பப் பெயரை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். போன இடத்தில் அதிகாரி கேட்டபோது ஒருவர் தகப்பன் பெயரைச் சொன்னார், ஒருவர் சாதிப் பட்டத்தைச் சொன்னார், வேறொருவர் மதிப்பாக இருக்கட்டும் என்று ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். நாயுடு, பிள்ளை, படையாட்சி, கவுண்டர் என்று இன்று அங்கே வழங்கும் பெயர்களுக்கும் சீட்டில் உள்ள சாதிக்கும் சம்பந்தம் இல்லாமல் போவது சாதாரணம்.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசவேண்டும். கப்பல் ஏறியவர்களில் நிலமில்லாத பண்ணையாட்கள் ஏராளம், தலித்துகள் ஏராளம். 1876–78 தாதுவருடப் பஞ்சம் இந்தப் பகுதியை வாட்டியது. பஞ்சத்தோடு சாதிக் கொடுமையும் சேர்ந்துதான் அவர்களை விரட்டியது. நம் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு என்பது இன்றும் அப்படியே இருக்கிறது. சீட்டில் பறையர் என்று இருக்கும் ஒருவரின் பேத்தியை ஊர்ப் பெருமாள் கோயில் வாசலில் நிறுத்தி, “இங்கேதான் உங்கள் பூட்டன் கும்பிட்டார்” என்று சொன்னால் அது பொய். அவரால் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடிந்திருக்காது. பேத்தியை அழைத்துப் போகவேண்டிய இடம் காலனி. கேட்கவேண்டியது அங்குள்ள பெரியவர்களை. வந்தவர் மனம் நோகுமே என்று இதை மறைப்பது, அந்தப் பூட்டனுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

நிலப் பதிவேடுகளில் பெயர் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் அவை நிலம் வைத்திருந்தவர்களின் பட்டியல். கூலிக்குப் போனவர் பெயர் அதில் ஏறியிருக்காது. கிராமத்தின் பெயரைச் சரிபார்க்க அவை உதவும், அவ்வளவுதான். மரபணுப் பரிசோதனை தென்னிந்தியர் என்று சொல்லும், ஊரைச் சொல்லாது.

ஊரைச் சொல்லக்கூடியது குலதெய்வம். டர்பனிலும் ரியூனியனிலும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள். பாரதக் கூத்தும் தீமிதியும் செஞ்சி, திருவண்ணாமலை, ஆரணிப் பக்கத்து மண்ணில் வேரூன்றியவை. பாட்டி வீட்டில் கும்பிட்ட சாமி எது, எந்த மாதம், எந்தக் கிழமை, என்ன படையல், முதல் மொட்டை யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். படவேட்டு ரேணுகாம்பாள், மேல்மலையனூர் அங்காளம்மன், பச்சையம்மன் என்று ஏதாவது ஒரு பெயர் சிதைந்த உச்சரிப்பிலாவது வந்துவிழும். காகிதம் தாலுகாவரை கொண்டுவந்து விட்டால், அந்த ஒரு பெயரைக் கேட்டதும் பங்காளிகள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு சீட்டைத் தேடி எடுப்பது அரிது. அவர்களுக்குக் குலதெய்வமும் பழைய கடிதங்களின் முத்திரையும்தான் வழி. நல்லவேளையாக, அந்தக் குடும்பங்களில் பலவற்றில் கடிதத் தொடர்பு ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன்புவரை இருந்தது.

தமிழக அரசு 2023 முதல் ‘வேர்களைத் தேடி’ என்ற பயணத்தில் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறது. நல்ல திட்டம். ஆனால் அது பண்பாட்டுச் சுற்றுலா. சொந்த ஊரை அவரவர்தான் தேடவேண்டும்.

ஊருக்குள் போனதும் முதலில் சொல்லவேண்டியது, “சொத்து கேட்டு வரவில்லை” என்பதுதான். நூறு வருடம் கழித்து ஒருவர் காரில் வந்து இறங்கிப் பாட்டன் பெயரைச் சொன்னால், பாகம் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பயம் தீர்ந்தால்தான் வாய் திறப்பார்கள். கூட உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கட்டும். வி.ஏ.ஓ.வை முன்பே பார்த்துவிட்டுப் போவது நல்லது. வயதான பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். எந்த வீட்டில் யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் மனப்பாடம். ஒரே நாளில் பதில் வேண்டும் என்று நெருக்கினால், வந்தவரைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒரு வீட்டைக் காட்டிவிடுவார்கள். தகப்பன் பெயரை நாம் முதலில் சொல்லாமல் அவர்கள் வாயிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

எப்போது வருவது என்றும் கேட்பார்கள். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் திருவண்ணாமலையில் அறையும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. கோயிலுக்கு அந்த நாட்கள், ஊர் தேட வேறு நாட்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் சமயத்தில் வந்தால், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள்கூட ஊரில் இருப்பார்கள். பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரே கோயில் வாசலில் வைத்துக் கேட்டுவிடலாம்.