கொல்லைக் குறிப்பு அச்சேறும் முன்



வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரி, வெண்டை, மிளகாய் போடாத தோட்டக் குடும்பம் அரிது. செடியில் பூச்சி விழுந்தால் பக்கத்து வீட்டாரைக் கேட்கிறோம். பத்திரிகைக் குறிப்பையோ பிள்ளைகளின் பள்ளி மலரையோ பார்த்துச் செய்கிறோம். வாயால் சொன்னது பிசகினால் ஒரு பாத்தியோடு போய்விடும். அச்சில் வந்தது நூறு வீட்டுக்குப் போகும். ஆகவே, இப்படிப்பட்ட குறிப்பை வெளியிடுகிறவர் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

குறிப்பு எந்த ஊருக்குரியது? இதுதான் முதல் கேள்வி. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டு வந்த பழமொழி. அங்குள்ள மழைக்கு அது பொருந்தும். மலேசியாவின் கிழக்குக் கரையிலோ பெருமழை நவம்பர் மாதத்தை ஒட்டித் தொடங்குகிறது. மேற்குக் கரையில் ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் இருமுறை மழை கூடும். ஆடி பிறக்கும் ஜூலை பெரும்பாலும் மழை குறைந்த காலம். பழமொழியில் குற்றமில்லை. இடத்தைச் சொல்லாமல் அதை இங்கே அச்சிடுவதுதான் குற்றம்.

அளவையும் அப்படியே தெளிவாகச் சொல்ல வேண்டும். "ஒரு கைப்பிடி உரம்" என்றால் யாருடைய கை?

பூச்சிக்குச் சொல்லும் யோசனைகளில்தான் கவனம் மிக அதிகமாக வேண்டும். புகையிலை ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பது பழைய கைமுறை. "இயற்கையானது, தீங்கில்லை" என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் கடுமையான நஞ்சு. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். புகையிலை பறிக்கும் தொழிலாளருக்கு ஈர இலை பட்டே குமட்டலும் தலைச்சுற்றலும் வருவதுண்டு. அதோடு, புகையிலையில் இருக்கக்கூடிய தேமல் நோய்க் கிருமி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். இவ்விரண்டையும் சொல்லாத குறிப்பு அரைகுறைக் குறிப்பு.

இன்னொன்று. தோட்டத்தில் தெளிப்பதை நாம் "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டின்னிலோ மலாய் மொழியில் "ராச்சுன்", அதாவது நஞ்சு, என்று எழுதியிருக்கிறது. மலாய்க்காரர்கள் நம்மைவிட நேராகப் பேசுகிறார்கள்! அச்சில் எழுதுகிறவராவது நஞ்சு என்றே எழுதட்டும். காலிப் போத்தலில் ஊற்றிய "மருந்தை" ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும்?

குறிப்பில் ஆண்டும் இருக்க வேண்டும். தோட்டங்களில் களைக்கு அடித்த பாராக்குவாட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே போய்விட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மலேசியாவில் 2002-இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் மீண்டும் முழுத் தடை வந்தது. 2010-இல் எழுதிய குறிப்பை ஆண்டு போடாமல் இன்று மறுபடி அச்சிட்டால், தடை செய்த நஞ்சைத் தேடிப் போகும்படி சொன்னதாகிவிடும்.

தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் குறிப்பிலேயே இருக்க வேண்டும். அந்தக் கணக்கு டின்னிலுள்ள சீட்டில் இருக்கும். நஞ்சுக்கு நஞ்சு, பயிருக்குப் பயிர் அது மாறும். எழுதுகிறவர் சீட்டைப் பார்த்து எழுத வேண்டும். வாங்குகிறவரும் சீட்டு கிழிந்த டின்னை வாங்கக் கூடாது. எழுதியதில் பிழை தெரியவந்தால், அடுத்த இதழில் குறிப்பு வந்த அதே பக்கத்திலேயே திருத்தம் வர வேண்டும்.