திரள்தொகையும் வரிசையும்

1970இல் எட்கர் கொட் முன்வைத்த உறவுநிலை மாதிரியில் அட்டவணை என்பது கணிதவியலார் கூறும் தொடையே. அதன் மூலகங்களுக்கு முன்பின் இல்லை. திரள்தொகையோ முன்பின்னின்றிப் பொருள்படாது. எனவே வரிசையை வினவலிலேயே நாம் விதித்தல் வேண்டும். முன்னர் அட்டவணையைத் தன்னோடு தானே இணைத்து இதனைப் பெற்றனர். 1,000 நிரைகளுக்கு 500,500 சோடிகள்! எஸ்.கியூ.எல். 2003 நியமம் 'ஓவர்' என்னும் சாளரக் கூற்றை அளித்தது. ஆயினும் 'ஓடர் பை' என்பதன்பின் திகதியை மட்டும் குறிப்பின், ஒரே திகதிக்குரிய நிரைகள் யாவும் ஒரே தொகையைப் பெறும். 1,000 ரூபா இருப்பிலிருந்து 1,200 எடுத்து, அன்றே 500 இட்டவரின் இரு நிரைகளிலும் 300 என்றே தோன்றும். இடையில் அவர் பட்ட 200 ரூபாக் கடனை ஏடு மறைத்துவிடுகின்றது. திகதியோடு பதிவு வரிசையெண்ணையும் சேர்த்து, 'றோஸ்' எனச் சாளர எல்லையை நிரைப்படி வரையறுப்பின், அக்கடன் வெளிப்படும்.