கொக்கின் கண்ணிலிருந்து கிளம்பும் கோடுகள்

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்கள் எப்படிக் கூடி முடிவெடுத்தார்கள் என்று தெரிஞ்சுக்க, முதலில் ஒரு படத்தைப் பார்ப்பது நல்லது. 1849-ல் சுப்பீரியர் ஏரிப் பகுதியிலிருந்து வாஷிங்டனுக்கு அவர்கள் கொண்டுபோன மனு அது. ஒரு எழுத்துகூடக் கிடையாது. பிர்ச் மரப்பட்டையில் வரைந்த உருவங்கள் மட்டும்தான்.

முன்னால் ஒரு கொக்கு. பின்னால் கீரி மாதிரி இருக்கும் மார்ட்டென் மூன்று, ஒரு கரடி, பாதி மனிதன் பாதி மீனாக ஒரு உருவம், ஒரு கெளுத்தி. ஒவ்வொன்றின் கண்ணிலிருந்தும் கொக்கின் கண்ணுக்கு ஒரு கோடு. இதயத்திலிருந்து இதயத்துக்கு இன்னொன்று. கொக்கின் கண்ணிலிருந்து ஒரு கோடு முன்னோக்கி, ஜனாதிபதி இருக்கும் திசைக்குப் போகிறது. இன்னொன்று பின்னோக்கி, காட்டு அரிசி விளையும் சிறு ஏரிகளுக்கு. அந்த ஏரிகளை விட்டுப் போக மாட்டோம் என்பதுதான் மனு.

வேலையில் நெட்வொர்க் டயகிராம் நிறையப் பார்க்கிறவன் நான். இந்தப் படத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது விலங்குகள் இல்லை, கோடுகள்தான்.

விலங்குகள் ஒவ்வொன்றும் ஒரு குலம். அவர்கள் மொழியில் டூடெம். ஆங்கிலத்தின் 'டோட்டம்' இதிலிருந்து வந்ததுதான். குலம் அப்பா வழியில் வரும். எவ்வளவு தூரத்து ஊராக இருந்தாலும் ஒரே குலத்தார் உறவினர். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அதனால் எந்த ஊர்க் கூட்டத்திலும் பல குலத்தார் இருப்பார்கள், ஒரு குலம் பல ஊர்களை இணைக்கும்.

தலைவருக்குப் பெயர் ஓகிமா. ஆனால் அவரிடம் போலீஸ் இல்லை, சிறை இல்லை. பேசிச் சம்மதிக்க வைக்கலாம், கட்டளை போட முடியாது. தன்னிடம் இருப்பதை வாரிக் கொடுக்காத ஓகிமாவின் பேச்சு எடுபடாது. பிடிக்காதவர்கள் வேறு ஊருக்குப் போய்விடலாம். அதனால் எல்லோரும் ஒத்துவரும் வரை பேச வேண்டியிருந்தது. கொக்குக் குலத்திலிருந்து அந்தத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெயர் ஓஷ்காபேவிஸ். தலைவரின் தூதர், உதவியாளர் என்பதற்கான சொல் அது. முன்னால் நிற்பவர் பின்னால் இருப்பவர்களின் பார்வையையும் மனசையும் சுமந்து போகிறார் என்று படமும் அதையேதான் சொல்கிறது.

மனுவுக்குப் பலன்? 1850-ல் அவர்களை மேற்கே வெளியேற்றச் சொல்லி ஜனாதிபதி டெய்லர் உத்தரவு போட்டார். வழக்கமாக லா பாயிண்டில் கொடுக்கும் ஆண்டுத்தொகையைத் தூரத்து சாண்டி லேக்குக்கு மாற்றினார்கள். குளிர்காலம் வரை காக்க வைத்தார்கள். கெட்டுப்போன உணவு, நோய், திரும்பி நடந்த வழியில் பனி. சுமார் 400 பேர் செத்துப்போனார்கள்.

அப்படியும் அவர்கள் இடம்பெயரவில்லை. 1852-ல், தொண்ணூறு வயது தாண்டிய கெச்செவாய்ஷ்கே என்ற தலைவர் படகிலும் ரயிலிலும் வாஷிங்டன் போய் ஜனாதிபதி ஃபில்மோரைச் சந்தித்தார். உத்தரவு கைவிடப்பட்டது. 1854 ஒப்பந்தத்தில் சொந்தப் பகுதியிலேயே நிலையான ஒதுக்கீட்டு நிலம் கிடைத்தது.

என் வாசிப்பு இது: 'கிளம்புங்கள்' என்று கட்டளையிடக்கூடிய ஒற்றை ஆள் அந்தச் சமூகத்திலேயே இல்லை. யாரை வளைத்தால் எல்லோரும் வளைவார்கள் என்று அரசாங்கம் தேடினால், அப்படி ஒரு புள்ளியே கிடையாது. மெதுவாக முடிவெடுக்கும் முறை என்று கேலி செய்யலாம். அந்த மெதுவுதான் அவர்களைக் காப்பாற்றியதில் ஒரு பங்கு.

பிற்பாடு, 1934 சட்டத்துக்குப் பிறகு, பல ஒதுக்கீட்டுப் பகுதிகளில் தேர்தல் கவுன்சில்கள் வந்தன. மின்னசோட்டாவின் ரெட் லேக் சமூகம் கொஞ்சம் வேறு வழியில் போனது. 1918-லேயே தன் அரசியலமைப்பை எழுதியது. அதன்படி ஏழு பரம்பரைத் தலைவர்கள் கவுன்சிலர்களை நியமித்தார்கள். 1958-ல் தேர்தலுக்கு மாறியபோதும் அந்த ஏழு பேரை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டது. ஓட்டு எண்ணினாலும், பழைய கோடுகளில் சிலதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.