தீபம் தெரியாத வீடியோ

ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தார். அவர் கைத்தடியோடு நடந்துவரும் படச்சுருள் காட்சிகளை இன்றும் பார்க்க முடிகிறது. படச்சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே உருவம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே திருவண்ணாமலையில் இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த கல்யாண விசிடியும், போன கார்த்திகையில் செல்போனில் பிடித்த மகாதீபமும் இன்றைய கணினியில் திறக்காமல் போகலாம். டிஜிட்டல் வீடியோ வெறும் எண்களின் வரிசை. அதைப் படமாக்கத் தெரிந்த மென்பொருள் இருந்தால்தான் அது படம். நாமோ "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று சொல்லி அழித்துவிடுகிறோம். அது பெரும் அவசரம். திறக்காத வீடியோக்களில் பலவற்றில் காட்சி அப்படியே இருக்கிறது.

எம்பி4 என்பது உறை மட்டுமே. உள்ளிருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை உறையின் பெயர் சொல்லாது. அந்த மொழிக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-ல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் தெரியும். 2013-ல் வந்த எச்.265, ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்குகிறது. 2017 முதல் ஐபோன்கள் இதில் பதிவு செய்யத் தொடங்கின. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால் காப்புரிமைக் கட்டணச் சிக்கலால் பல விண்டோஸ் கணினிகளில் இதற்கான நீட்டிப்பைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் கூட்டத்தின் 'அரோகரா' கேட்கும், திரை கறுப்பாகவே நிற்கும். கோப்பில் குறை ஏதுமில்லை. 1996-ல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த விஎல்சி பிளேயர், இத்தகைய கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது; இலவசம். கோப்பின் பெயரில் உள்ள எம்கேவி என்ற வேறோர் உறையின் பெயரை எம்பி4 என்று மாற்றி எழுதுவதால் உள்ளே எதுவும் மாறாது. 'கோடெக் பேக்' என்று கண்ட தளத்திலும் கிடைப்பதை இறக்கினால் வைரஸ் வந்து சேரும் அபாயம்தான் மிச்சம்.

அப்படியானால் விஎல்சி ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது. அதிலும் ஓடவில்லை என்றால் கோப்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டும் ஆபத்தும் அதில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏறும் நேரத்தில் பேட்டரி தீர்ந்து போன் அணைகிறது என்று கொள்வோம். பொதுவாக எம்பி4 பதிவில் காட்சித் தரவு முதலில் எழுதப்படும். எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, 'ஸ்டாப்' அழுத்திய பிறகே சேரும். அது சேராத கோப்பில் நூற்றுக்கணக்கான எம்பி காட்சி இருந்தும் எந்த பிளேயருக்கும் வழி தெரியாது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், 'அன்ட்ரங்க்' போன்ற இலவச மென்பொருள் அட்டவணையைத் திரும்பக் கட்டிவிட வாய்ப்புண்டு. எனவே முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்று காட்டினால் அந்தக் கோப்புக்குள் எதுவுமில்லை. அளவு இருந்தால் முயற்சிக்கு இடம் இருக்கிறது.

பழைய விசிடியில் எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் 'டாட்' கோப்பாக வீடியோ இருக்கும். விஎல்சி அதைத் திறக்கும். வட்டு கீறியிருந்தாலோ அதன் சாயம் மங்கியிருந்தாலோ எந்த பிளேயரும் உதவாமல் போகலாம். ஆகவே வட்டுகளை நாள் கடத்தாமல் நகலெடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் எச்.264-க்கு மாற்றிவிட்டு மூலத்தை அழித்தால் தொல்லை தீருமே என்பாரும் உண்டு. மாற்றுவது நல்லது, அழிப்பது தவறு. ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் குறையும். இழந்த நுணுக்கம் திரும்பாது. பார்ப்பதற்கு ஒரு நகல், பாதுகாக்க மூலம் என்று இரண்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பியதை மூலம் என்று எண்ணாதீர்கள், அது சுருக்கப்பட்டது. குடும்ப வீடியோவை முன்பின் தெரியாத 'ஆன்லைன் ரிப்பேர்' தளங்களில் ஏற்றவும் வேண்டாம்.

மெமரி கார்டைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யவும்' என்று திரை எவ்வளவு மிரட்டினாலும் உடனே 'ஃபார்மட்' கொடுக்காதீர்கள். அதில் புதிதாக எதையும் பதியாமல், இருப்பதை முழுமையாகக் கணினியில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் சோதனைகளைச் செய்யுங்கள்.