கடலுக்கும் ஒரு காலம் உண்டு



“மவ்லவி, எங்கள் பிள்ளைகள் கடலையே கண்டதில்லை. டிசம்பர் லீவுக்குத் திருகோணமலைக்குக் கூட்டிப் போய், போட்டில் ஏற்றிப் புறாத்தீவைக் காட்டலாம் என்றிருக்கிறோம். துஆச் செய்யுங்கள்.”

பொல்பிட்டியவில் ஒரு தாய் இப்படிச் சொன்னார். வேனும் பேசியாகிவிட்டது. “துஆச் செய்கிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவரிடம் சொன்ன காரணங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

மவ்ஸிம் என்ற சொல்

பருவக்காற்றை ‘மொன்சூன்’ என்கிறார்களே, அது அரபியிலுள்ள ‘மவ்ஸிம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மவ்ஸிம் என்றால் பருவம், குறித்த காலம். அரபு மாலுமிகள் காற்றின் பருவம் பார்த்தே பாய் விரித்தார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, இங்கிருந்து மஃபர் கரைக்குப் போகையில் புயலில் சிக்கினார். அவருடைய கப்பல் தரைதட்டியது. உலகைச் சுற்றிய பயணிக்கே அந்த நிலை என்றால், கைக்குழந்தையோடு போகும் நாம் எம்மாத்திரம்?

உங்கள் முற்றமே சொல்லும்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசுகிறது. அது நம் மலைச்சரிவில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. ஆகவே பொல்பிட்டியவில் நீங்கள் குடையை மடக்க முடியாமல் தவிக்கும் அந்த மாதங்களில்தான் நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும்.

டிசம்பரில் வாடைக்காற்று எழும். அப்போது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். மேற்கே கற்பிட்டிப் பக்கம் அடங்கியிருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களோ இடியும் புயலும் உருவாகும் காலம். மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளி 1978 நவம்பர் 23இல் வந்தது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, பருவமழை காரணமாக ஒரு வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. பெரிய கப்பலே ஒதுங்கும் காலத்தில் சின்னப் படகில் ஏறலாமா?

பெருநாள் லீவிலும் கவனம் வேண்டும். நம் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் முந்திவருவதால், பெருநாள் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். போன தடவை போன இடம் இந்தத் தடவைக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சிலர், “எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்தானே” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியல்லவா நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்! நமது ஷாபிஈ மத்ஹபில், ஹஜ் என்னும் பர்ளுக்குக்கூட, பாதுகாப்பே மிகைத்திருக்கும்போதுதான் கடல்வழிப் பயணம் கடமையாகும். பர்ளுக்கே அப்படியென்றால், உல்லாசப் பயணத்துக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மவுத்தானதை நாம் மறக்கலாமா?

போகும்போது

போயா நாளையும் தொடர் லீவு நாட்களையும் தவிருங்கள். கிழமை நாளில் போனால் கூட்டம் இராது, பர்தாவைப் பேணவும் இலகு. காலையிலேயே படகேறுங்கள், பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். குடும்பத்துக்கெனத் தனிப் படகு பேசுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் அளவில் மிதவைச் சட்டை இல்லையென்றால் ஏறாதீர்கள். “ஒருவர்தானே, ஏறட்டும்” என்று ஆள் கூட்ட விடாதீர்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையை மிதிக்கவோ உடைக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். அதுவும் அல்லாஹ்வின் படைப்பு. நெடும்பயணம் என்பதால் ஜம்உ, கஸ்ராகத் தொழும் சலுகை உண்டு. அதைக் காரணமாக்கித் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தாய் வேன்காரரிடம் பேசிப் பயணத்தை ஆகஸ்ட் லீவுக்கு மாற்றினார். பிள்ளைகள் முதலில் அழுதார்களாம். அழட்டும், சகோதரிகளே. எட்டு மாதம் காத்திருந்து கடலைக் காணலாம். போன உயிர் எத்தனை மாதம் காத்தாலும் வராது.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையெல்லாம் பாதுகாப்பானதாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.