ஆசிரியர் மாணவராகும் கோடை

பயிற்சி மாணவர்க்கே உரியதென எண்ணுகிறோம். பேராசிரியர்க்கும் அது உண்டு. அமெரிக்காவில் 1983-இல் தோன்றிய விளம்பரக் கல்வி அறக்கட்டளை, நியூயார்க் போன்ற பெருநகர விளம்பர நிறுவனங்களுக்குப் பேராசிரியர்களைக் கோடையில் இரண்டு வாரம் அனுப்பி வந்தது. வாங்குவோர் மனத்தை ஆராய்பவர், வாசகம் எழுதுபவர், படம் வரைபவர், எங்கே எப்போது வெளியிடுவதெனக் கணக்கிடுபவர் ஆகியோருடன் இருந்து அவர்கள் கேட்டறிந்தனர்; பதிலுக்குத் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தனர்.

இரண்டு வாரத்தில் தொழில் கைவருமா? வராது. ஆனால், பழைய பாடக்குறிப்பில் எது செத்தது, எது வாழ்கிறது என்பது விளங்கிவிடும்.

நம் நாட்டில் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, தொழில் வல்லுநர் வகுப்பறைக்கு வர வழிவகுத்தது. நம் பேராசிரியர் தொழிற்கூடம் செல்லும் பாதையும் அகலமாகட்டும். பயன் பெறுவோர் நாமன்றோ!